ஆர்.சி. (ரோமன் கத்தோலிக்க) தொடக்கப் பள்ளிகளில் இரக்கமும் ஈடுபாட்டுக் கற்றலும்: மனத்தை விட்டு அகலாத ஒரு நிகழ்வைப் பகிருங்கள்

வைகைக்கரை ஆசிரியை

ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக் காலமான தவக்காலத்தில் ஏழைகளுக்காகச் சேர்க்கும் பிடி அரிசியைப் பற்றி இங்குள்ளோர் அறிவீர்கள் என்பதால் நேராக நிகழ்வுக்கு வருகிறேன். எங்களுடையது அரசு உதவி பெறும் ஆர்.சி. தொடக்கப் பள்ளி, நான் நான்காம் வகுப்பு எடுக்கிறேன். வெள்ளிக்கிழமைதோறும் பிள்ளைகள் வீட்டிலிருந்து ஒரு பிடி அரிசி கொண்டுவந்து, வகுப்பின் மூலையில் இருந்த எவர்சில்வர் தூக்கில் போடுவார்கள். எடை அளவைப் பாடத்தையும் அந்த அரிசியைக் கொண்டே நடத்தினேன். தன் கைப்பிடியில் எத்தனை கிராம் இருக்கும் என்று ஒவ்வொருவரும் முதலில் ஊகித்து எழுத வேண்டும்; பிறகு தராசில் நிறுத்துப் பார்த்து, வித்தியாசத்தைக் கணக்கிட வேண்டும். கணக்கு என்றாலே ஒதுங்கி உட்காரும் பிள்ளைகள்கூடத் தராசை விட்டு நகர மறுத்தார்கள்.

ஈஸ்டருக்கு முந்தைய புனித வாரத்துக்கு முன்பு, சேர்ந்த அரிசியை எந்தெந்த வீடுகளுக்குக் கொடுக்கலாம் என்று பிள்ளைகளையே கேட்டுக் கரும்பலகையில் பட்டியல் எழுதினேன். பள்ளியில் ஆண்டுதோறும் அப்படித்தான் செய்வார்கள். அப்போது ஒரு மாணவி எழுந்து, “எங்க வீட்டையும் எழுதுங்க டீச்சர்” என்றாள். தவக்காலம் தொடங்கியதிலிருந்து ஒரு வெள்ளிக்கிழமைகூட அவள் அரிசி கொண்டுவரத் தவறியதில்லை. பக்கத்தில் இருந்த மாணவன், கேலி எதுவும் இல்லாமல், பள்ளி விதி ஒன்றை நினைவூட்டுபவனைப் போல, “நீதான் அரிசி கொண்டாந்தியே, கொண்டாந்தவங்களுக்குக் குடுக்க மாட்டாங்க” என்றான். அவளும் அதை நியாயம் என்று ஏற்றுக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

அவள் ஏற்றுக்கொண்டதுதான் என்னை இன்றளவும் உறுத்துகிறது. கொடுப்பவர் வேறு, பெறுபவர் வேறு என்று ஒன்பது வயதுப் பிள்ளைகளுக்கு யாரும் பாடம் எடுக்கவில்லை. ஆனால் வகுப்பு முழுவதற்கும் அது தெரிந்திருந்தது.

முத்துநகர்

அம்மா, பிடி அரிசியின் மேல் குறை காண வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். உலை வைக்கும் முன் ஒரு பிடியைத் தனியே எடுத்து வைக்கும் அந்த வழக்கத்தை எங்கள் பங்கில் (கோயில் வட்டாரத்தில்) கட்டிக் காத்தவர்கள் கூலி வேலைக்குப் போகும் பெண்கள். தம்மிடம் இல்லாதபோதும் கொடுக்க முடியும் என்று காட்டிய வழக்கம் அது. பள்ளி அதைப் பட்டியலாக்கிய இடத்தில்தான் சிக்கல் நேர்ந்திருக்கிறது.

என்னை விட்டு நீங்காத நிகழ்வு ஒரு முதியோர் இல்லத்தில் நடந்தது. மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளை அங்கே அழைத்துப் போனோம். இரண்டு பாட்டு, ஒரு நடனம், பிஸ்கட் பொட்டலம், ஒரு குழுப் படம் என்று எல்லாப் பள்ளிகளும் செய்வதைத்தான் நாங்களும் திட்டமிட்டிருந்தோம். பாட்டு நடந்துகொண்டிருக்கும்போதே ஒரு மூதாட்டி, ஓரத்தில் நின்றிருந்த ஒரு மாணவனைக் கையசைத்துக் கூப்பிட்டு, தலையணைக்கு அடியிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து நீட்டினார். அவருடைய மகள் எழுதிய கடிதம். கண்புரையால் அவரால் அதைப் படிக்க முடியவில்லை. அந்த மாணவன் எங்கள் வகுப்பில் எழுத்துக்கூட்டி மட்டுமே வாசிக்கத் தெரிந்தவன். சத்தமாக வாசிக்கச் சொன்னால் வாயே திறக்க மாட்டான். அவன் அந்தக் கடிதத்தை எழுத்து எழுத்தாகக் கூட்டி, தடுமாறிய இடத்தில் மறுபடி தொடங்கி, கடைசி வரி வரைக்கும் வாசித்தான். மூதாட்டி அவனை அவசரப்படுத்தவே இல்லை. முடித்ததும், “இன்னொரு தடவ வாசி ராசா” என்றார். இரண்டாம் முறை அவன் பாதி நேரத்தில் வாசித்து முடித்தான்.

அதற்குப் பிறகு பாட்டையும் நடனத்தையும் விட்டுவிட்டோம். ஆளுக்கு ஒரு கதைப்புத்தகம் எடுத்துப் போய், ஒருவருக்கு ஒருவர் என்று உட்கார்ந்து வாசித்துக் காட்டுகிறார்கள். தான் வாசிப்பது ஒருவருக்கு உண்மையிலேயே தேவைப்படுகிறது என்று அந்த மாணவன் அறிந்துகொண்டான். அந்த அறிவை எந்தத் தேர்வாலும் அவனுக்குத் தந்திருக்க முடியாது.

பணிநிறைவு பெற்ற தலைமை ஆசிரியை

வெளியே அழைத்துச் செல்வதால்தான் இரக்கம் வளரும் என்பது போல் இரண்டு பதிவுகளும் அமைந்துவிட்டன. வகுப்பறை அமைப்பே இரக்கத்துக்கு இடம் கொடுப்பதையும் தடுப்பதையும் நான் கண்டிருக்கிறேன்.

செயல்வழிக் கற்றல் வந்த காலத்தைப் பலர் மறந்திருப்பீர்கள். ஆந்திரத்தின் ரிஷி பள்ளத்தாக்குப் பள்ளியின் முறையைத் தழுவி, 2003-இல் சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில் தொடங்கி, சில ஆண்டுகளில் மாநிலம் முழுவதற்கும் விரிந்த முறை அது. பாட அட்டைகள், அவற்றை ஒவ்வொரு பிள்ளையும் தன் வேகத்தில் படிப்படியாக முடிக்கும் கற்றல் ஏணி, பிள்ளைகள் எட்டும் உயரத்தில் கரும்பலகை, தலைக்கு மேலே கம்பிப் பந்தல் என்று எங்கள் பள்ளியே உருமாறியது. ஒன்றாம் வகுப்பு முதல் நான்காம் வகுப்பு வரை ஒரே அறையில் கலந்து உட்கார்ந்தார்கள்.

தந்தையை இழந்து நெடுநாள் வராதிருந்த ஒரு பெண் குழந்தை திரும்பி வந்தாள். பழைய முறையில் அவள் எத்தனை பாடம் பின்தங்கினாள் என்பதை முதல் மணி நேரத்திலேயே வகுப்பு முழுவதும் அறிந்திருக்கும். ஏணியிலோ, தான் விட்ட படியிலிருந்து அவள் தொடர்ந்தால் போதும். அன்று அந்த அட்டைகளை எப்போதோ முடித்துவிட்ட ஒரு சிறுவன் மறுபடியும் அதே குழுவில் போய் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துக் காரணம் கேட்டேன். “தனியா இருந்தா அழும் சிஸ்டர், நானும் இதையே செய்றேன்” என்றான்.

அவனுக்கு நன்னெறி வகுப்பில் நான் அதைச் சொல்லித் தந்ததில்லை. முடித்துவிட்ட பாடத்துக்குத் திரும்பிப் போவது அந்த முறையில் தோல்வியாகக் கருதப்படாததால் அவனுக்கு அது எளிதாக இருந்தது. வரிசையாக உட்காரவைத்து, முதல் மதிப்பெண்ணைச் சுவரில் எழுதிவைக்கும் வகுப்பில் அந்தச் சிறுவன் எழுந்து போயிருக்கவே முடியாது.

செங்கரும்பு (முன்னாள் மாணவர், தற்போது பட்டதாரி ஆசிரியர்)

என் நிகழ்வு சிறியது. ஐந்தாம் வகுப்பில் தமிழ்ப் பாடத்துக்காக ஒருவரைப் பேட்டி காண வேண்டும் என்று ஆசிரியை சொன்னார். எங்கள் குழு பள்ளியைப் பெருக்கித் துடைக்கும் ஆயாம்மாவைத் தேர்ந்தெடுத்தது. “உங்களுக்குப் பிடிச்ச பாடம் எது?” என்று ஒருத்தி கேட்டாள். “ஆறாவது வரைக்கும் கணக்குதான்” என்று சொல்லிவிட்டு, எங்களைப் பதினேழாம் வாய்ப்பாடு சொல்லச் சொன்னார். எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. அவர் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு முழுவதையும் சொல்லிக் காட்டினார்.

இதிலிருந்து ஆசிரியர்களுக்குச் சில யோசனைகளைச் சொல்ல விரும்புகிறேன். பெல்ஜிய நாட்டு குரு கார்டைன் இளம் தொழிலாளரிடையே கையாண்ட ‘பார், ஆராய், செயல்படு’ என்னும் வழிமுறையை, திருத்தந்தை இருபத்து மூன்றாம் யோவான் 1961-இல் வெளியிட்ட சுற்றுமடல் எடுத்துரைத்தது. இளம் கிறித்தவ மாணவர் இயக்கம் இன்றும் உயர்நிலைப் பள்ளிகளில் அதைக் கடைப்பிடிக்கிறது. அதைத் தொடக்கப் பள்ளிக்கும் கொண்டுவரலாம். நாம் வழக்கமாக ‘செயல்படு’ என்பதிலிருந்து தொடங்குகிறோம். உண்டியலை முதலில் வைத்துவிட்டு யாருக்கு என்று பிறகு தேடுகிறோம். பார்ப்பதற்கே சில வாரங்கள் கொடுங்கள். எங்கள் ஆசிரியை கொடுத்தார். ஆயாம்மா கீழ்க்குழாயிலிருந்து மாடிக் கழிப்பறைக்குத் தினமும் எத்தனை வாளி தண்ணீர் சுமக்கிறார் என்று எண்ணினோம், ஒரு வாளியின் கொள்ளளவை அளந்தோம், பெருக்கி எழுதினோம். பிறகுதான் மாடிக்கு ஒரு குழாய் வேண்டும் என்று தாளாளருக்கு விண்ணப்பம் எழுதினோம். அதைப் பலமுறை திருத்தி எழுதியபோதுதான் கடிதம் எழுதவே நான் கற்றேன். குழாய் அடுத்த கல்வியாண்டில் வந்தது. ஆயாம்மாவுக்குப் புடவை வாங்கிக் கொடுத்திருந்தால் வாளி அவர் கையிலேயே இருந்திருக்கும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். பல பள்ளிகளில் கத்தோலிக்கப் பிள்ளைகளை மறைக்கல்விக்கும் (சமயப் பாடத்துக்கும்) மற்றவர்களை நன்னெறிக்கும் தனித்தனியே பிரிக்கிறார்கள். மறைக்கல்விக்கு அது தேவை. ஆனால் பிறரைக் கவனிக்கக் கற்கும் இத்தகைய பணிகளை அந்தப் பிரிவினையின்படி நடத்தாதீர்கள். கத்தோலிக்க ஆயர்களின் உலகப் பேரவையான இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 அக்டோபர் 28 அன்று வெளியிட்ட கல்வி அறிக்கை, ஏழைகள், குடும்ப அரவணைப்பு இல்லாதோர், கிறித்தவ நம்பிக்கையைப் பெறாதோர் ஆகிய மூவரையும் சேர்த்தே கத்தோலிக்கப் பள்ளிகளின் பொறுப்பில் ஒப்படைக்கிறது. உதவி பெறுபவர்களைப் படம் எடுக்க வேண்டாம். எடுத்தே ஆக வேண்டும் என்று நிர்வாகம் சொன்னால் பிள்ளைகள் அளந்த வாளியைப் படம் எடுங்கள். பெற்றோர் கூட்டத்தில் மதிப்பெண் பட்டியலுக்கு முன்பாக இந்தக் குறிப்பேடுகளைக் காட்டுங்கள்.

மலைச்சாரல்

செங்கரும்பு அவர்களின் யோசனைகளில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அவற்றை நிறைவேற்றப்போகும் ஆசிரியை யார் என்பதையும் நினைத்துப் பார்க்க வேண்டும். எங்கள் மலைக் கிராமப் பள்ளியில் ஐந்து வகுப்புகளுக்கும் இரண்டே ஆசிரியைகள். பணிநிறைவு பெற்ற சகோதரி புகழும் ஏணியிலும் எனக்கு முழு உடன்பாடு இல்லை. எந்த முறை வந்தாலும் பிள்ளைகள் அதற்குள்ளே மேல், கீழ் என்ற வரிசையைக் கண்டுபிடித்துவிடுகிறார்கள். 2022-இல் அடிப்படை எழுத்தறிவுக்கும் எண்ணறிவுக்குமான அரசின் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்தபோது, பிள்ளைகளின் கற்றல் நிலைக்கேற்ப அது பிரித்த அரும்பு, மொட்டு, மலர் நிலைகளை நாங்களும் பின்பற்றினோம். மனம் நோகாத பெயர்களாகத்தான் சூட்டியிருந்தார்கள். சில மாதங்களில் ஒரு சிறுமி தன் தங்கையிடம், “நீ அரும்பு, என் பாய்ல உக்காராத” என்று சொன்னதை என் காதால் கேட்டேன். அக்காள் தங்கையிடம் சொன்ன சொல் அது.

அன்று முதல் கதை சொல்லும் நேரத்தில் மட்டும் மூன்று நிலைகளையும் கலைத்துவிடுகிறேன். அதற்குமேல் செய்ய நேரம் இருப்பதில்லை.

அப்பா ஒருவர்

நாங்கள் கிறித்தவர்கள் அல்லர். என் மகள் ஊரில் உள்ள ஆர்.சி. பள்ளியில் மூன்றாம் வகுப்புப் படிக்கிறாள். கள்வரால் அடிபட்டுக் கிடந்தவரை இருவர் கண்டும் விலகிப் போக, மூன்றாவதாக வந்த சமாரியர் காப்பாற்றிச் சத்திரத்தில் சேர்க்கும் நல்ல சமாரியர் கதையை அங்கே நடித்துக் காட்டினார்கள். அடிபட்டுக் கிடப்பவர் வேடம் அவளுக்கு. இரவு சாப்பிடும்போது, “அப்பா, எனக்கு ஒரு வசனம்கூட இல்ல, அவரு ஏன் பேசவே மாட்டேங்கிறாரு?” என்று கேட்டாள். நான் அந்தப் பகுதியை எடுத்துப் படித்தேன். லூக்கா நற்செய்தியின் பத்தாம் அதிகாரத்தில் அவர் உண்மையாகவே ஒரு சொல்லும் பேசவில்லை. ஆனால் கதையின் முடிவில் இயேசு கேட்கும் கேள்வி அடிபட்டவரின் பக்கம் நின்று கேட்கப்படுகிறது: இந்த மூவரில் அவருக்கு அடுத்திருப்பவராக நடந்துகொண்டவர் யார்? மறுநாள் இதைத் தலைமை ஆசிரியைச் சகோதரியிடம் சொன்னபோது, அவர் என் மகளையே அழைத்து, அடிபட்டவர் சத்திரத்தில் கண் விழித்ததும் என்ன பேசியிருப்பார் என்று எழுதச் சொன்னார். “என் கழுதை எங்கே?” என்பதுதான் அவள் எழுதிய முதல் வரி. அவருக்கும் ஒரு கழுதை இருந்திருக்கும், கள்வர்கள் அதையும் கொண்டுபோயிருப்பார்கள் என்று அவள் முடிவு செய்திருந்தாள். அடிபடுவதற்கு முன்பு அவரும் எல்லோரையும்போலப் பயணம் போனவர்தான் என்பது அதற்கு முன் எனக்குத் தோன்றியதில்லை.

காலை உணவுத் திட்டத்தையும் இங்கே சொல்ல வேண்டும். 2022 செப்டம்பரில் அரசுப் பள்ளிகளில் தொடங்கிய திட்டம், 2024 ஜூலை 15 அன்று கிராமப்புற உதவி பெறும் பள்ளிகளுக்கும் வந்தது. அதற்கு முன்பு எங்கள் பள்ளியில் பசியோடு வரும் பிள்ளைகளுக்குச் சகோதரிகள் கன்னியர் மடத்திலிருந்து இட்லி கொடுத்தார்கள். அவர்களின் நல்ல மனம் எனக்குத் தெரியும். ஆனாலும் மடத்து வாசலில் நிற்பவர்கள் யார் என்பது ஊருக்கே தெரியும். இப்போது எல்லோருக்கும் தட்டு வைக்கிறார்கள். வீட்டில் சாப்பிட்டுவிட்டுப் போகும் என் மகளும் தோழியோடு உட்கார்ந்து ஒரு வாய் உப்புமா சாப்பிடுகிறாள்.

நெல்லைச் சீமை

மேலே எழுதியவர் சொன்னதே வைகைக்கரை ஆசிரியைக்கும் விடையாகலாம். எங்கள் பக்கத்தில் கோயில் திருவிழாவில் அசனம் என்னும் பொது விருந்து நடக்கும். அரிசி கொடுத்தவர், தேங்காய் கொடுத்தவர், விறகு வெட்டியவர், ஒன்றும் கொடுக்க முடியாதவர் என எல்லோரும் ஒரே பந்தியில் உட்காருவார்கள். ஒரு பள்ளியில் தவக்கால அரிசியை அப்படியே கஞ்சியாகக் காய்ச்சிப் பள்ளிக்கும் தெருவுக்கும் ஊற்றினார்கள். வண்டியில் வந்து அரிசி மூட்டை இறக்கிய ஒரு பெரியவர், தன் பேத்தியின் வகுப்புத் தோழனுக்கு அருகில் உட்கார மறுத்து நின்றுகொண்டே குடித்தார். எதற்காக மறுத்தார் என்பது இங்கே எல்லோருக்கும் புரியும். பேத்தி எழுந்து வந்து, அவர் கையைப் பிடித்து இழுத்து, இடம் காட்டினாள். அவர் உட்காரவில்லை, அவளும் விடவில்லை. இழுபறி நெடுநேரம் நடந்தது. கடைசியில் ஃபாதர் வந்து பெரியவரை வேறிடத்துக்கு அழைத்துப் போனார். அந்தக் குழந்தையிடம் அன்று யாரும் எதையும் விளக்கவில்லை என்பது எனக்கு ஆறாத வருத்தம்.

வைகைக்கரை ஆசிரியை

எல்லோருக்கும் நன்றி. கஞ்சி யோசனையைத் தாளாளரிடம் கொண்டுபோனேன். சத்துணவுக் கூடத்தின் அரிசியோடும் அடுப்போடும் கலக்காமல் தனியே காய்ச்சுவதாக இருந்தால் தடையில்லை என்றார். ஆளுக்கு எவ்வளவு அரிசி தேவைப்படும் என்று பிள்ளைகள் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். நெல்லைச் சீமை அவர்களே, உட்கார மறுப்பவர்கள் எங்கள் ஊரிலும் இருக்கிறார்கள். பந்தியில் யார் எங்கே உட்காருவது என்பதைப் பெரியவர்களிடம் விடாமல், பிள்ளைகளையே சீட்டுக் குலுக்கிப் போடச் செய்யலாமா? இதை வேறு பள்ளிகளில் செய்து பார்த்தவர்கள் இருந்தால் எழுதுங்கள்.

மலைச்சாரல்

நாங்கள் செய்திருக்கிறோம். சீட்டை முந்தைய நாளே குலுக்கி, பிள்ளைகள் கையாலேயே பெயரெழுதி இலைக்கு அருகில் ஒட்டிவிடுங்கள். அன்றைக்குக் குலுக்கினால் வாக்குவாதம் வந்துவிடும். மறுப்பவர் வந்தால் யார் பேசுவது என்பதையும் முன்கூட்டியே முடிவு செய்துகொள்ளுங்கள். அந்தப் பொறுப்பு எந்தக் குழந்தையின் மேலும் விழக் கூடாது.