காதுச் சீழ் கல்ச்சர் (கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை): இன்னும் உறுத்துகிற ஒரு கேஸைச் சொல்லுங்கள்

அகர்தட்டு:
வருஷக்கணக்கில் ஒழுகும் காது, செவிப்பறை நடுவில் ஓட்டை. பிளட் அகரில் (ரத்தம் கலந்த வளர்ப்புத் தட்டு) புரோட்டியஸ் என்ற பாக்டீரியா அலையலையாகப் படர்ந்து தட்டையே மூடிவிட்டது. கூட வேறு என்ன வளர்ந்திருக்கிறது என்று அதில் பார்க்கவே முடியாது. மெக்கான்கி அகரில் (பித்த உப்பு கலந்த தட்டு) அது படராது. அங்கேதான் நிறமில்லாத காலனி இரண்டு தினுசாக நின்றது. தனித்தனியே நியூட்ரியன்ட் அகருக்கு மாற்றியதும் மறுநாள் ஒன்று பச்சையாகிவிட்டது. ஆக்சிடேஸ் (ஒரு நொதிச் சோதனை) பாசிட்டிவ், சூடோமோனாஸ் என்ற பாக்டீரியா. (மெக்கான்கி காலனியை எடுத்து நேராக ஆக்சிடேஸ் போடாதீர்கள், நம்ப முடியாது.) புரோட்டியஸுக்கு செஃப்ட்ரியாக்சோன் ஊசி கேட்டது. சூடோமோனாஸ் அதற்கு மசியாது. ஒற்றைப் பெயரோடு ரிப்போர்ட் போயிருந்தால் அந்த ஊசியைத்தான் போட்டிருப்பார்கள், காது ஒழுகிக்கொண்டேதான் இருந்திருக்கும். பிளட் அகர் மட்டும் போடுகிற இடங்களில் எத்தனை இப்படித் தப்புகிறதோ!

செவிமடல்:
தட்டுக்கு முன்னால் ஸ்வாப்பை (சீழ் எடுக்கும் பஞ்சுக்குச்சி) பாருங்கள். ஒரே காது, ஒரே நாள், இரண்டு ஸ்வாப். வாசலில் தொட்டு எடுத்ததில் கோயாகுலேஸ் நெகட்டிவ் ஸ்டாஃப், டிஃப்தீராய்டு. இரண்டுமே காதுக்குழாய்த் தோலில் குடியிருப்பவை. வெளிச்சீழைத் துடைத்துவிட்டு, மைக்ரோஸ்கோப்பில் ஓட்டையைப் பார்த்து, சுவரில் படாமல் மெல்லிய குச்சியில் எடுத்ததில் சூடோமோனாஸ் மட்டும்.

அதற்கு சிப்ரோஃப்ளாக்சசின் ரெசிஸ்டன்ட் (மருந்துக்கு மசியாது) என்று வந்தது. ஆனாலும் தினமும் பஞ்சுத்திரியால் சீழை ஒற்றி எடுத்த பிறகு அதே சிப்ரோ சொட்டு மருந்தைப் போட்டதில் காது காய்ந்தது. 0.3% சொட்டு மருந்தில் மி.லி.க்கு 3000 மைக்ரோகிராம் இருக்கிறது. லேபில் ரெசிஸ்டன்ட் என்று சொல்வது 2 மைக்ரோகிராமிலிருந்து. அது மாத்திரை, ஊசிக்கு வைத்த அளவுகோல்.

சோன்ஸ்கேல்:
செவிமடல் சார், அது பாதிதான். மருந்து கிருமியைத் தொட்டால்தானே 3000? கொலஸ்டியடோமா (நடுக்காதில் தோல் சேர்ந்து வளரும் கட்டி) இருந்தாலோ, தொற்று காதுக்குப் பின்னால் உள்ள மாஸ்டாய்டு எலும்புக்குள் போயிருந்தாலோ சொட்டு அங்கே எட்டாது. காதுக்குப் பின்னால் வீக்கம், காய்ச்சல், தலைசுற்றல், முகம் கோணுதல் இருந்தால் ஊசி மருந்து வேண்டும். அங்கே ரெசிஸ்டன்ட் என்றால் ரெசிஸ்டன்ட்தான்.

அதைவிட, அந்த ரெசிஸ்டன்ட் உண்மையா என்று முதலில் பாருங்கள். டிஸ்க் சோதனையில் (கிருமி பூசிய தட்டில் மருந்து வில்லை வைப்பது) முல்லர் ஹின்டன் அகர் 4 மி.மீ. ஆழம் இருக்க வேண்டும். கூடினால் சோன் (வில்லையைச் சுற்றிக் கிருமி வளராத வட்டம்) சுருங்கும், நல்ல மருந்தும் தோற்றதாகத் தெரியும். கிருமிக் கரைசல் 0.5 மெக்ஃபார்லண்டுக்கு (கலங்கல் அளவுகோல்) மேல் கலங்கலாக இருந்தாலும் இதே கதை. கலக்கிய 15 நிமிடத்துக்குள் பூசி, பூசிய 15 நிமிடத்துக்குள் டிஸ்க் வைத்து, 35 டிகிரியில் 16 முதல் 18 மணி நேரம். சூடோமோனாஸுக்கு 5 மைக்ரோகிராம் சிப்ரோ டிஸ்க்கில் 25 மி.மீ. இருந்தால்தான் சென்சிடிவ், பழைய சார்ட்டில் 21 என்று இருக்கும், கிழித்துப் போடுங்கள். சூடோமோனாஸுக்கு ஜென்டமைசின் அளவையே 2023-இல் சிஎல்எஸ்ஐ (லேப் அளவுகோல்களை வகுக்கும் அமெரிக்க அமைப்பு) எடுத்துவிட்டது. கொலிஸ்டினுக்கு டிஸ்க் வைக்கவே கூடாது. புரோட்டியஸ் தட்டில் சோனுக்குள் மெல்லிய படலம் தெரிந்தால் அதைக் கணக்கில் எடுக்காமல் அளக்க வேண்டும். ஸ்டாஃப் ஆரியஸ் வந்தால் 30 மைக்ரோகிராம் செஃபாக்சிடின் டிஸ்க்: 21 மி.மீ. அல்லது அதற்குக் கீழே என்றால் எம்ஆர்எஸ்ஏ (மெத்திசிலினுக்கு மசியாத ஸ்டாஃப் ஆரியஸ்).

சாக்லேட்அகர்:
எல்லோரும் நாள்பட்ட காதையே பேசுகிறீர்கள். குழந்தை, காதுவலி, இரவில் செவிப்பறை உடைந்து சீழ். கிராம் ஸ்டெயினில் (சாயமேற்றிய ஸ்லைடு) குட்டி குட்டி நெகட்டிவ் காக்கோபேசில்லை (குறுங்கோல் பாக்டீரியா) நிறைய, ஹீமோஃபிலஸ் போல. ஸ்வாப் ராத்திரி முழுக்க ஃப்ரிட்ஜில் இருந்தது, போட்டது பிளட் அகரும் மெக்கான்கியும். ரிப்போர்ட்: வளர்ச்சி இல்லை! ஹீமோஃபிலஸுக்குக் குளிர் ஆகாது. சாக்லேட் அகரும் (சூடாக்கிய ரத்தம் கலந்த தட்டு) 5% கார்பன் டைஆக்சைடும் வேண்டும். சாக்லேட் இல்லையென்றால் பிளட் அகரில் ஸ்டாஃப் ஆரியஸை ஒரு கோடு இழுங்கள், அதை ஒட்டி மட்டும் பொடிப்பொடியாக வளரும். வளர்ந்ததும் நைட்ரோசெஃபின் டிஸ்க்கில் தேய்க்க, சிவந்தால் பீட்டாலாக்டமேஸ் (மருந்தை உடைக்கும் நொதி) இருக்கிறது. வெறும் அமாக்சிசிலின் பலிக்காது, கிளாவுலனேட் சேர்த்ததைத்தான் கொடுக்க வேண்டும்.

அகர்தட்டு:
சாக்லேட்அகர் மேடம், அந்தக் கிராம் ஸ்லைடை யாருமே கல்ச்சரோடு ஒப்பிட்டுப் பார்க்கவில்லையா? ஸ்லைடில் கிருமி, தட்டில் ஒன்றுமில்லை என்றால் அன்றைக்கே டாக்டருக்கு ஃபோன் போக வேண்டும்.