ஹப்புத்தளைப் பக்கம் வாகனம் வராத தோட்டப் பாதை தெரியுமா?

வணக்கம். பண்டாரவளை வீதியில் சைக்கிள் ஓட்டினால் வளைவுக்கு வளைவு பஸ் உரசிக்கொண்டு போகிறது. அதனால் தேயிலைக்கு நடுவே போகும் கிரவல் பாதைகளைத் தேடுகிறேன். எப்போதாவது ஒரு கொழுந்து லொறி, மற்றபடி மலையும் பனியும்தான். அந்த அமைதிக்கு ஈடே இல்லை.

தம்பேதன்னையிலிருந்து லிப்டன் சீட் காட்சிமுனைக்கு ஏறும் பாதை அழகுதான், ஆனால் விடிந்ததும் ஆட்டோக்கள் வரிசை கட்டிவிடும். இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டங்களூடே போகும் நீண்ட நடைபாதையான பெக்கோ டிரெயிலின் 22 கட்டங்களில், 40 மில்லிமீட்டர் டயரோடு இறங்கித் தள்ளாமல் ஓட்டக்கூடியவை எவை? அப்புறம், இதல்கஸ்ஹின்னையிலிருந்து ஒஹியாவுக்குத் தோட்டங்களுக்குள்ளாகவே போக முடியுமா?

தோட்டத்தில் இருப்பவர்கள் சொன்னால் பெரிய உதவி. கேட் எங்கே பூட்டியிருக்கும், யாரிடம் அனுமதி கேட்க வேண்டும், மழை பெய்தால் எந்த இறக்கம் சறுக்கும் என்பதையும் சொல்லுங்கள். ஆகஸ்டில் பத்து வயது மகனும் என்னோடு வருகிறான்.