ஆத்தோர ரோட்டில் சைக்கிளை நிறுத்த வைத்த சந்திப்புகள்: உங்களுடையதையும் சொல்லுங்கள்

மேலக்கால் ரோட்டுக்காரன்

போன ஆடியில் நடந்தது. இன்னும் உறுத்துகிறது, அதனால் எழுதுகிறேன்.

வழக்கமான ஞாயிற்றுக்கிழமைச் சுற்றுதான். மதுரை கோச்சடையில் கிளம்பி மேலக்கால், தென்கரை, குருவித்துறை, அப்புறம் அதே வழியில் வீடு. ரோட்டைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. துவரிமான் நாலுவழிச்சாலையைத் தாண்டிவிட்டால் தென்னையும் வாழையும்தான், வலப்பக்கம் தோப்புகளுக்குப் பின்னால் வைகை. ஆடிக்காற்று மேற்கே இருந்து முகத்திலேயே அடிக்கும். போகும்போது சாகடிக்கும், திரும்பும்போது அதுவே தள்ளிக்கொண்டு வந்து சேர்க்கும்.

முள்ளிப்பள்ளம் தாண்டி ஒரு பெரியவர் ரோட்டோரம் குத்துக்கால் வைத்து உட்கார்ந்திருந்தார். கையில் அறுந்துபோன சைக்கிள் செயின், முழங்கை வரை கருப்பு மசி. கேரியரில் வெற்றிலைக் கட்டு, மேலே ஈரச் சாக்கு. 2023-ல் புவிசார் குறியீடு வாங்கியதே, அந்தச் சோழவந்தான் வெற்றிலை. பத்தடி தள்ளி நின்றாலே வாசம் வந்தது. என் முகத்தை அவர் பார்க்கவே இல்லை. வண்டியின் பின்பக்கத்தைத்தான் பார்த்தார்.

"தம்பி, இதுல கேரியர் இல்லையா?"

"இல்லைங்கய்யா."

"சரி, நீங்க போங்க."

அவ்வளவுதான். நானும் போய்விட்டேன். மன்னாடிமங்கலம் வந்த பிறகுதான் உறைத்தது, சீட்டுக்கு அடியில் தொங்குகிற பையில், அறுந்த செயினைக் கழற்றிச் சேர்க்கிற செயின் கட்டர் இருக்கிறதே என்று. இரண்டு வருடமாகச் சுமக்கிறேன், ஒருநாளும் எடுத்ததில்லை. திருப்பிக்கொண்டு வந்தேன், பின்காற்று, பறந்தே வந்தேன் என்று வையுங்கள். அவர் இல்லை. ரோட்டில் ஒரு மசிக்கறையும் நாலைந்து வெற்றிலையும் கிடந்தன.

பழைய ஹெர்குலஸ்

தம்பி கோபித்துக்கொள்ள வேண்டாம், உங்கள் கட்டரை வைத்து ஒன்றும் கிழித்திருக்க முடியாது. கியர் வண்டிச் செயின் ஒல்லி, அவர் வண்டிச் செயின் அகலம். கண்ணி நீளம் இரண்டுக்கும் அரை இஞ்ச்தான், ஆனால் ஒல்லிச் செயினுக்கான கட்டரின் பள்ளத்தில் அந்த அகலம் உட்காராது. அதோடு அந்தக் காலத்து வண்டிச் செயினில் இரண்டு முனையையும் சேர்க்கிற ஒரு லாக் இருக்கும், பெரும்பாலும் அதுதான் தெறித்து விழும். அதற்குக் கட்டர் எதற்கு? லாக் போய்விட்டால் ஒரு துண்டு கம்பியை முறுக்கி வீடு வரை ஓட்டலாம், கண்ணியே அறுந்திருந்தால் ஒரு ஆணியும் இரண்டு கல்லும் போதும், தட்டி பின்னை வெளியே எடுத்து, கண்ணியைக் குறைத்து, மறுபடி தட்டி ஏற்றிவிடலாம். கண்ணி குறைந்தால் பின்சக்கரத்தை முன்னால் இழுத்து நட்டை முடுக்க வேண்டும், இல்லை என்றால் செயின் விறைத்துக்கொண்டு பெடல் சுற்றாது. நீங்கள் திரும்பி வருவதற்குள் அவரே சரிபண்ணிக்கொண்டு போயிருப்பார். வெற்றிலைக் கொடிக்கால் வேலை பார்க்கிறவருக்கு இது தெரியாமலா இருக்கும்.

என் அனுபவம் என்று கேட்டால், திருவேடகத்தில் ஒரு ஆடி மாதம் எதிர்காற்றில் மூச்சு வாங்கிக்கொண்டு டீக்கடையில் நின்றேன். கடைக்காரர் சொன்னார், "சம்பந்தர் விட்ட ஏடே இந்த ஊர்ல வைகையை எதிர்த்து ஏறுச்சு, உங்களுக்கு என்ன சார்." டீயைக் குடித்துவிட்டுத் திரும்பிவிட்டேன்.

சிலைமான் பக்கம்

நான் ஆற்றுக்குக் கீழ்ப்பக்கம். கீழடி அருங்காட்சியகம் பார்க்கலாம் என்று விடியலில் கிளம்பி, நேரம் இருக்கிறதே என்று கொந்தகையைத் தாண்டி உள்ரோட்டில் போனேன். அறுப்பு முடிந்த வயல். எதிரே ரோடு முழுக்க செம்மறி, கிடை மாற்றுகிறார்கள். ஒதுங்கட்டும் என்று மணியை அடித்தேன். ஒதுங்கவில்லை. எல்லாம் தலையைத் தூக்கி என்னைப் பார்த்துவிட்டு என் பின்னாலேயே திரும்பிவிட்டன. ஆடு மேய்க்கிற கீதாரி பின்னால் இருந்து கத்திக்கொண்டே ஓடி வருகிறார். தோளில் ஒரு குட்டி, அன்றைக்குத்தான் போட்டதாக இருக்க வேண்டும், தொப்புள்கொடி காயவில்லை.

"மணியடிக்காதீங்க சார், மணிக்குத்தான் அது வரும்!"

முன்னால் போகிற ஆட்டின் கழுத்தில் மணி கட்டியிருப்பார்கள் அல்லவா, அந்தச் சத்தத்துக்குப் பழகியவை. ஒரு கையால் மணியைப் பொத்திக்கொண்டு, இன்னொரு கையால் வண்டியைத் தள்ளிக்கொண்டு நின்றேன். முழங்கால் அளவுக்குக் கம்பளிச் சூடு உரசிக்கொண்டே போனது. எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. கடைசி ஆடு போகும் வரை அவர் என்னை வையவும் இல்லை, சிரிக்கவும் இல்லை. போகும்போது தோளில் இருந்த குட்டியை ஒரு தடவை சரிசெய்துகொண்டார். அருங்காட்சியகம் போகாமலே வீட்டுக்கு வந்துவிட்டேன்.

கள்ளந்திரி வாய்க்கால்

மேலக்கால் ரோடு அமைதி என்று நினைத்துவிடாதீர்கள். வியாழக்கிழமை போய்ப் பாருங்கள், குருவித்துறை குரு பகவானைப் பார்க்க வருகிற வேனும் காரும் உங்களைக் கரையிலேயே இறக்கிவிடும். குருப்பெயர்ச்சி என்றால் கேட்கவே வேண்டாம். அமைதி வேண்டும் என்றால் பெரியாறு பிரதான வாய்க்கால் கரைக்கு வாருங்கள். வைகையில் இருக்கிற பேரணையில் பிரிந்து கள்ளந்திரி வரைக்கும் இருபோகம், அதற்கு அங்கிட்டு மேலூர்ப் பக்கம் ஒருபோகம். மேற்கே போக வேண்டிய தண்ணீர், 1895-ல் அணை கட்டி மலையைக் குடைந்து இங்கிட்டுத் திருப்பியது, அதன் ஓரமாக ஓட்டுகிறோம் என்கிற நினைப்பே தனி.

என் அனுபவம்: கரையில் பஞ்சர், ஒரு அக்கா களையெடுக்கப் போகிறவர், தூக்குவாளியில் இருந்த நீராகாரத்தை மூடியில் ஊற்றிக் கொடுத்தார். நான் தயங்கினேன். "உப்புப் போட்டுருக்கு, குடி" என்றார். குடித்தேன்.

சரி, பஞ்சர் விஷயம் முக்கியம். கருவேல முள் டயரில் ஏறினால் வெளியே தெரிகிற பாதியைத்தான் பிடுங்குவீர்கள், நுனி உள்ளே ஒடிந்து இருக்கும். புது டியூப் போட்டாலும் இரண்டு கிலோமீட்டரில் மறுபடி இறங்கும். டயரைக் கழற்றி உள்பக்கம் விரலை விட்டுத் தடவாதீர்கள், கிழித்துவிடும். பழைய பருத்தித் துணியைச் சுருட்டி உள்ளே ஓட்டுங்கள், நூல் எங்கே சிக்குகிறதோ அங்கே நுனி இருக்கிறது. கண்மாயில் கருவேலத்தை ஏலம் விட்டு வெட்டுகிற சமயத்தில் அந்தப் பக்கமே போகாதீர்கள், கரிமூட்டத்துக்கு டிராக்டரில் இழுத்துக்கொண்டு போகும்போது ரோடு முழுக்க சிந்தும். இரண்டு டியூப் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று போதாது, நான் சொல்கிறேன்.

மேலக்கால் ரோட்டுக்காரன்

ஹெர்குலஸ் அண்ணே, கட்டர் பொருந்துமா பொருந்தாதா என்பது இல்லை என் கவலை. பொருந்தாது என்று அவரோடு உட்கார்ந்து பார்த்துத் தெரிந்துகொண்டிருந்தால் சரி. எனக்கு அந்தப் பையைத் திறக்கவே தோன்றவில்லை. "நீங்க போங்க" என்று அவர் சொன்னது எனக்கு வசதியாக இருந்தது.

கள்ளந்திரி அண்ணே, பஞ்சரைப் பற்றி யாரும் கேட்கவில்லை. ஆனாலும் அந்தத் துணி யோசனை நன்றாக இருக்கிறது.

தேனூர்ப் பெண்

இங்கே பெண்கள் யாரும் எழுதவில்லையே, நான் எழுதுகிறேன். அம்மா வீடு தேனூர். சித்திரைத் திருவிழாவுக்கு வந்தால் தம்பியின் சைக்கிளை எடுத்துக்கொண்டு காலையில் ஆற்றோரம் ஒரு சுற்று போவேன். அந்த வருடம் ஆறு சுத்தமாகக் காய்ந்து கிடந்தது, வண்டியை மணலில் சாய்த்துவிட்டு நடுவில் நின்றுகொண்டிருந்தேன். முதலில் நாய்கள் ஓடி வந்தன. அப்புறம் ஒரு சத்தம், சருகை யாரோ அள்ளி அள்ளிக் கொட்டுவது போல. பார்த்தால் தண்ணீர். அழகருக்காக வைகை அணையில் திறந்த தண்ணீர், அதன் தலை வருகிறது. வெள்ளம் மாதிரி எல்லாம் இல்லை, மனிதன் நடக்கிற வேகம்தான், முன்னால் நுரை, சருகு, ஒரு பிளாஸ்டிக் செருப்பு, எறும்பு மொய்த்த தேங்காய் மட்டை. மணல் குடித்துக்கொண்டே இருக்க, அதற்கு மேலே ஏறி ஏறி வந்தது. வண்டியைத் தூக்கிக்கொண்டு கரைக்கு ஓடினேன்.

கரையில் ஒரு தாத்தா நின்றிருந்தார். திருமலை நாயக்கர் காலத்துக்கு முன்னால் அழகர் எங்கள் ஊரில்தான் ஆற்றில் இறங்கினார் என்று சின்ன வயதில் இருந்து கேட்ட கதைதான், வண்டியூரில் மண்டபத்துக்கு இன்னும் தேனூர் மண்டபம் என்றுதானே பெயர். தாத்தா என்னிடம் சொன்னாரா தண்ணீரிடம் சொன்னாரா தெரியவில்லை.

"எங்க ஊருக்கு வந்த சாமி. இப்ப தண்ணி மட்டும் எங்க ஊரைத் தாண்டிப் போகுது."

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். அவர் யார் வீட்டுத் தாத்தா என்று அம்மாவிடம் கேட்டேன், அடையாளம் சொல்லத் தெரியவில்லை எனக்கு.

பழைய ஹெர்குலஸ்

அம்மா, அடுத்த தடவை ஆற்று மணலில் சைக்கிளைச் சாய்க்காதே, பேரிங்குக்குள் மணல் போனால் கோன் தேய்ந்துவிடும்.

புது ஆள்

எல்லாம் படித்தேன், நான் இன்னும் ஓட்டவே ஆரம்பிக்கவில்லை. குருவித்துறைக்கு மேலே பேரணை வரைக்கும் ரோடு இப்போது எப்படி இருக்கிறது, யாராவது சமீபத்தில் போனீர்களா? என் வண்டியில் கேரியர் இருக்கிறது.