"மரத்துல" என்று சொன்ன பிள்ளை இப்போது "மரமுல" என்கிறாள்

மதுரைக்காரி:
என் மகளுக்கு 2 வயது 10 மாதம். ஆறு மாதத்துக்கு முன்னால் "மரத்துல காக்கா" என்று தெளிவாகச் சொன்னவள், இப்போது "மரமுல காக்கா" என்கிறாள். "எனக்கு" போய் "நானுக்கு" வந்துவிட்டது. "பழம்" எப்போதுமே "பயம்"தான். தெரிந்ததையும் மறக்கிறாளே என்று அத்தை ஒவ்வொரு தடவையும் நிறுத்தித் திருத்துகிறார்கள். நேற்று பேச்சைப் பாதியில் விட்டுவிட்டுக் கட்டிலுக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டாள். எனக்கு மனசே சரியில்லை. அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்களேன்.

பேச்சுப் பயிற்சியாளர்:
மறக்கவில்லை அம்மா, கண்டுபிடித்திருக்கிறாள். முன்பு "மரத்துல" என்பதைக் கேட்டபடி முழுசாகச் சொன்னாள். இப்போது அதை "மரம்", "ல" என்று பிரிக்கத் தெரிந்துவிட்டது. பஸ்ஸுல, தட்டுல என்று கேட்டதை வைத்துத் தானே கட்டுகிறாள். நடுவில் "அத்து" சாரியை வரும் என்பது மட்டும் இன்னும் பிடிபடவில்லை. "நானுக்கு" என்பதும் அப்படித்தான். உங்கள் வீட்டில் யாராவது "மரமுல" என்பார்களா? பிறகு யாரிடம் கேட்டுச் சொல்கிறாள்?

1958இல் ஜீன் பெர்கோ என்ற அமெரிக்க ஆய்வாளர், இல்லாத ஒரு பிராணியை வரைந்து "வக்" என்று பெயர் வைத்தார். இரண்டு இருந்தால் என்னவென்று கேட்டதும், அதுவரை கேட்டே இராத அந்தச் சொல்லுக்கும் பிள்ளைகள் பன்மை சொன்னார்கள். நீங்களும் இல்லாத ஒரு சொல்லை உருவாக்கிக் கேட்டுப் பாருங்கள்.

திருத்த வேண்டாம். "ஆமா, மரத்துல காக்கா உட்கார்ந்திருக்கு" என்று சரியான வடிவத்தைச் சொல்லியபடியே பேச்சைத் தொடருங்கள். ழகரம் நாக்குக்குப் பிந்தி வசப்படுவது, இப்போதைக்கு விடுங்கள்.

இரண்டு பிள்ளைகளின் அப்பா:
உங்கள் மகளுக்கு இந்தக் கவலை இல்லை, படிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். என் மூத்தவன் 2 வயது முடிந்தும் "அம்மா வா" என்றுகூடச் சேர்த்துப் பேசவில்லை. "அதுவா வரும்" என்றே எல்லாரும் சொன்னார்கள். காதைப் பரிசோதித்தால், நடுக்காதில் நீர் கோத்திருந்தது. அந்த மாதிரி இருந்தாலோ, பேசிய சொற்கள் நின்றுபோனாலோ தள்ளிப்போடாதீர்கள்.

மதுரைக்காரி (மூன்று வாரம் கழித்து):
செருப்புப் பெட்டிக்கு "டபம்" என்று பெயர் வைத்தோம். ரிப்பனை உள்ளே போட்டு, எங்கே என்று கேட்டேன். "டபமுல!" அத்தைக்கே சிரிப்பு வந்துவிட்டது. அப்புறம் அவர்களும் திருத்துவதை விட்டுவிட்டார்கள். இன்று காலையில் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, "பாட்டி, டபத்துல ரிப்பன் இல்ல" என்றாள். "நானுக்கு" இன்னும் இருக்கிறது.