கொடுவாவுக்கு இரட்டை முள் லீடர்: கட்டு எங்கே விட்டுப்போகுது?

கோவளம்_கரை

வணக்கம். முட்டுக்காடு முகத்துவாரத்துல கொடுவாவுக்குப் போடுற லீடர் (முள்ளுக்கு முன்னாடி வர்ற தனி நரம்புத் துண்டு) திரும்பத் திரும்ப முள் கழுத்துலயே போகுது. மெயின் லைன் 25 பவுண்டு பிரெய்டு (பின்னல் நூல்). லீடர் 40 பவுண்டு மோனோ (ஒத்தை இழை நைலான்), 50 செ.மீ. 3/0 முள் ரெண்டு, நடுவுல 6 செ.மீ. இடைவெளி. கனடா பக்கம் கோகனி, சாக்கை சால்மனுக்கு ஒரே நரம்புல ரெண்டு முள்ளை ஸ்னெல் (முள் தண்டுல நரம்பைச் சுத்திக் கட்டுறது) போடுற முறையைப் பார்த்துக் கட்டினது, 4 சுத்து. அறுந்த நுனி மூணையும் எடுத்து வச்சிருக்கேன். ரெண்டு ஸ்பிரிங் மாதிரி சுருண்டிருக்கு, ஒண்ணு பிளேடு போட்ட மாதிரி நேரா இருக்கு. கட்டு தப்பா, நரம்பு தப்பா?

ஈயக்குண்டு

நுனியை எடுத்து வச்சது நல்ல வேலை, பதில் அதுலயே இருக்கு.

சுருண்ட நுனின்னா நரம்பு அறுபடலை, கட்டுக்குள்ள வழுக்கி வெளிய வந்திருக்கு. சுத்துக்கு நடுவுல உரசிக்கிட்டே வர்றதால ஒரு பக்கம் சுரண்டப்பட்டுச் சுருளும். 0.60 மி.மீ. தடிமன் நரம்புக்கு 4 சுத்து பத்தாது, 7 போடுங்க. நேரா வெட்டின நுனி கொடுவாவோட செவுள் மூடி வேலை. அந்த ஓரம் கத்திதான், அதுக்கும் முடிச்சுக்கும் சம்பந்தம் இல்லை. இன்னொரு வகையும் உண்டு: நுனி வெளுத்து, தட்டையா, கொஞ்சம் நெளிஞ்சு இருந்தா கட்டைக் காய்ஞ்சபடியே இறுக்கியிருக்கீங்கன்னு அர்த்தம். உரசல் சூட்டுல நைலான் வெந்துடும். எச்சில் தொட்டு, மெதுவா இழுங்க.

ஒரு கணக்கும் பாருங்க. 25 பவுண்டு பிரெய்டு அப்படியே இருக்க, 40 பவுண்டு லீடர் முள் கழுத்துல விட்டுப்போகுதுன்னா, கட்டு தன் பலத்துல மூணில் ஒரு பங்குக்கு மேல இழந்திருக்கு. சரியாப் போட்ட ஸ்னெல் அவ்வளவு இழக்காது.

பழவேற்காடு_காலா

அண்ணன் சொன்னது சரி. கட்டுற விதத்தை நான் எழுதுறேன், ஏன்னா ரெண்டாவது முள்ளுலதான் முக்கால்வாசிப் பேர் கோட்டை விடுறாங்க.

முதல்ல கீழ் முள். நரம்பை முள் கூர் இருக்கிற பக்கத்துலேருந்து கண்ணுக்குள்ள நுழைங்க. பின்பக்கமா நுழைச்சா, இழுக்கும்போது கூர் உள்ள மடங்கும். முன்பக்கமா நுழைச்சா கூர் வெளிய திரும்பி மீன் தாடையில ஏறும். 20 செ.மீ. உள்ள இழுத்து, தண்டை ஒட்டி ஒரு வளையம் விட்டு, நுனியைத் தண்டையும் நரம்பையும் சேர்த்து வளையத்துக்குள்ள 7 தடவை சுத்துங்க. நனைச்சு, முதல்ல நுனியை இழுத்துச் சுத்துகளை அடுக்குங்க, அப்புறம் லீடரை இழுங்க. சுத்துகள் ஒண்ணு மேல ஒண்ணு ஏறாம, புதுச் சுருள்கம்பி மாதிரி வரிசையா உட்காரணும். ஒரு சுத்து ஏறியிருந்தாலும் அவிழ்த்துட்டு மறுபடி போடுங்க.

வளையக் கண் உள்ள முள்ளுல கம்பி வந்து சேர்ற இடத்துல மெல்லிய இடுக்கு இருக்கும். நகத்தால தடவினாலே தெரியும். நரம்பு அதுல மாட்டினா அறுத்துடும், வாங்கும்போதே பார்த்து வாங்குங்க. கண் இல்லாத தட்டைத் தலை முள்ளுக்கும் இதே சுத்துதான், ஆனா நரம்பு கூர் பக்கத்துலதான் வெளிய வரணும்.

அடுத்து மேல் முள். லீடரோட மறுநுனியைத் தண்டை ஒட்டிக் கொண்டுபோய்க் கண்ணு வழியா கூர் பக்கம் வெளிய எடுங்க. 25 செ.மீ. பிரெய்டுத் துண்டால தண்டையும் லீடரையும் சேர்த்து அதே வளைய முறையில 8 சுத்து, ஈரமாக்கி இறுக்கி, நுனியை 3 மி.மீ. விட்டு வெட்டுங்க. இது கையால நகரும், ஆனா மீன் இழுப்புக்குப் பிடிச்சு நிக்கணும். மீன் இழுக்கும்போது நகர்ந்தா இன்னொரு கட்டு சேருங்க. நகர்றதுல லாபம் என்னன்னா, மத்தியோ கணவாய்த் துண்டோ, இரையோட நீளத்துக்கு இடைவெளியை மாத்திக்கலாம்.

அடையாறு_முகம்

முடிச்சுல மாற்றுக்கருத்து இல்லை. ஆனா கொடுவாவுக்கு ரெண்டு முள் எதுக்கு? கோகனி ஏரியிலயே தங்கிட்ட சாக்கை. வாய் மெல்லிசு, சீக்கிரம் கிழியும். அதனால 4, 6 நம்பர் சின்ன முள் ரெண்டு, 8லேருந்து 12 பவுண்டு லீடர். கொடுவா வாயைத் திறந்து இரையை மொத்தமா உறிஞ்சி இழுக்கும். மடவைக் குஞ்சை உயிரோட போடுறீங்கன்னா 5/0 சர்க்கிள் முள் (கூர் உள்பக்கமா வளைஞ்சது) ஒண்ணே போதும். ரெண்டு முள் குத்தினா மடவை நீந்தாது. சர்க்கிளுக்கு வெட்டி இழுக்க வேண்டாம், சீரா சுத்தினா வாய் ஓரத்துல தானா மாட்டும்.

இரட்டை முள் செத்த இரைக்குச் சரி. நுனியை மட்டும் கடிச்சுட்டுப் போற மீன் கீழ் முள்ளுல சிக்கும்.

லீடரை 60 பவுண்டுக்கு ஏத்தி 80 செ.மீ. ஆக்குங்க. உங்க நேரா வெட்டின நுனிக்கு மருந்து அதுதான். மழைக்காலக் கலங்கல்ல தடிமன் மீனுக்குத் தெரியாது. தெளிஞ்ச தண்ணில ஃபுளூரோகார்பன் போடலாம். அதோட ஒளிவிலகல் 1.42, நைலானைவிடத் தண்ணியோட 1.33-க்குக் கிட்ட. ஆனா விறைப்பு அதிகம், கட்டு மெதுவாத்தான் இறங்கும்.

வெட்டின துண்டுகளை மணல்ல விடாம பையில போட்டுக் கொண்டுபோங்க. ஜனவரியிலேருந்து பங்குனி ஆமை இதே கரைக்குத்தான் முட்டையிட வருது.

கோவளம்_கரை

ரொம்ப நன்றி. 60 பவுண்டு லீடரை 25 பவுண்டு பிரெய்டோட எப்படிச் சேர்க்கிறது? கட்டினதை வீட்டுல சோதிக்க வழி இருக்கா?

ஈயக்குண்டு

எஃப்ஜி முடிச்சு போடுங்க. லீடரை இறுக்கமா பிடிச்சு, பிரெய்டை மாத்தி மாத்தி 20 சுத்து, மேல 6 அரைக்கட்டு. நல்லா இறுக்கினா பிரெய்டு நிறம் அடர்த்தியாகும், நிறம் மாறலைன்னா இன்னும் இறங்கலை. படகுல அவசரத்துக்கு டபுள் யூனி முடிச்சு: பிரெய்டு பக்கம் 8 சுத்து, லீடர் பக்கம் 4.

சோதனைக்குப் பெயிண்ட் பக்கெட் போதும். முள் வளைவைக் கைப்பிடியில மாட்டி, கூர்ல தக்கை குத்தி, லீடரோட மறுமுனையைக் கட்டையில சுத்தித் தூக்குங்க. ஒரு லிட்டர் தண்ணி ஒரு கிலோ. 12 லிட்டர்ல தொடங்கி 18 வரை ஏத்துங்க, ஒரு நிமிஷம் தொங்கட்டும். மேல் முள்ளையும் தனியா மாட்டிப் பாருங்க, அதுக்கு 6 லிட்டர் போதும். ஏன்னா 25 பவுண்டு பிரெய்டுக்கு டிராக் (மீன் இழுத்தா ரீல் நூலை விடுற இறுக்கம்) 3 கிலோவுக்கு மேல வைக்கக் கூடாது. பக்கெட்டைத் தரையிலேருந்து ஒரு ஜாணுக்கு மேல தூக்காதீங்க.