பக்கியில் நம் கையால் செய்த வேலைகள்: டர்பன் பக்கத்து அனுபவங்கள்

சாட்ஸ்வொர்த்திலிருந்து

எல்லோருக்கும் வணக்கம். பிக்கப் வண்டியை இங்கே தென்னாப்பிரிக்காவில் பக்கி என்றுதான் சொல்கிறோம், நானும் அப்படியே எழுதுகிறேன். சொந்தமாகச் செய்த மாற்றங்களில் எது உதவியது, எது வம்பில் கொண்டுபோய் விட்டது என்று கேட்டிருந்தீர்கள். நான் பின்பக்க ஸ்பிரிங்கைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். கனோப்பி (பின்பக்கத்தை மூடும் கூடு), லைட் பற்றியெல்லாம் மற்றவர்கள் சொல்வார்கள். ஸ்பிரிங் விஷயம் பிரேக்கில் போய் முடிகிறது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

எங்கள் குடும்பம் காய்கறி வியாபாரம். கிளேர்வுட் மொத்த மார்க்கெட்டில் விடியற்காலையில் சரக்கு எடுத்து, வெள்ளி சனிகளில் பங்களாதேஷ் மார்க்கெட்டில் விற்கிறோம். அங்கே எந்தப் பக்கம் திரும்பினாலும் பழைய ஹைலக்ஸ், இசுசு, நிசான் 1400 நிற்கும். அந்த 1400 இருக்கிறதே, 2008இல் தயாரிப்பை நிறுத்திவிட்டார்கள். ஆனாலும் இன்றைக்கும் கோஸ் மூட்டை ஏற்றிக்கொண்டு மேட்டில் ஏறி வருகிறது. இப்படி உழைக்கிற வண்டிகளுக்கு எல்லோரும் முதலில் செய்யும் வேலை, பின்னால் கூடுதலாக ஒரு ஸ்பிரிங் பட்டை போடுவதுதான்.

எங்கள் கடைக்குப் பக்கத்தில் வெங்காயமும் கீரையும் விற்கும் ஒரு தாத்தா இருக்கிறார். அவருடையது 2000க்கு முந்தைய டீசல் ஹைலக்ஸ். ஒரு வெள்ளிக்கிழமை அவர் வண்டியை நிறுத்தியதுமே முன் சக்கரத்திலிருந்து கருகல் வாடை வந்தது.

“என்ன தாத்தா, பிரேக் இப்படி வாடை அடிக்குதே?”

“ஷால்கிராஸ் இறக்கத்துல மிதிச்சு மிதிச்சு வந்தேன் தம்பி. புதுப் பட்டை போட்டதுலேர்ந்து வண்டி பின்னாடி நல்லா நிமிர்ந்து நிக்குது. ஆனா பிரேக் மிதிச்சா முன்னாடி மட்டும்தான் பிடிக்குது.”

வியாபாரம் முடிந்ததும் வண்டியை எங்கள் வீட்டுக்குக் கொண்டுவரச் சொன்னேன். சக்கரங்களைக் கழற்றிப் பார்த்தபோது முன் டிஸ்க் இரண்டும் நீலம் பாய்ந்து கிடந்தன. பின் டிரம்மைத் திறந்தால் லைனிங் தேயவே இல்லை. ஓரத்தில் அச்சடித்த எழுத்துகூட அழியாமல் அப்படியே இருந்தது. அவ்வளவு நாளும் பின் பிரேக் பேருக்குத்தான் இருந்திருக்கிறது.

காரணம் இதுதான். அந்தக் காலத்து ஹைலக்ஸில் பின் அச்சுக்கு மேலே, சேஸியில் ஒரு வால்வு இருக்கும். அதிலிருந்து ஒரு மெல்லிய கம்பி அச்சுக்கு இறங்கும். லோடு ஏறி வண்டி அமுங்கினால் கம்பி வால்வைத் தள்ளும், பின் பிரேக்குக்கு அழுத்தம் கூடும். வண்டி காலியாக இருந்தால் கம்பி தளர்ந்து அழுத்தம் குறையும், அதனால் பின் சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்காது. தாத்தா வண்டியில் கூடுதலாகப் போட்ட பட்டை, முழு லோடிலும் பின்பக்கத்தைத் தூக்கியே வைத்திருந்தது. வண்டி காலி என்று வால்வு எடுத்துக்கொண்டது. முக்கால் டன் வெங்காயத்தை முன் சக்கரம் இரண்டும்தான் நிறுத்திக்கொண்டிருந்தன.

பட்டை போட்டுக் கொடுத்த கடைக்காரர் இந்தக் கம்பியைத் தொடவே இல்லை. பட்டை வாங்கும்போது இதை யாராவது சொல்லித்தானே ஆக வேண்டும்? எனக்கு அதில்தான் கோபம்.

சரி செய்த விதத்தைச் சொல்கிறேன். பட்டை போடுவதற்கு முன் அச்சுக்கும் சேஸிக்கும் இடையே எவ்வளவு உயரம் இருந்தது என்று தெரிய வேண்டும். அதே மாடலில், மாற்றம் செய்யாத என் மச்சானின் வண்டியை அளந்து பார்த்ததில் வித்தியாசம் 50 மில்லிமீட்டர். 6 மில்லிமீட்டர் கனமுள்ள பட்டை இரும்பில் துளை போட்டு, அச்சுப் பக்கத்துப் பிடியை அதே 50 மில்லிமீட்டர் உயர்த்தினோம். கம்பி பழைய கோணத்துக்கு வந்தது. அதோடு விடவில்லை. பட்டை கெட்டியாகிவிட்டால் லோடு ஏறும்போது முன்போல அமுங்காது, ஆகவே காலி வண்டியில் கணக்குச் சரியாக இருந்தாலும் லோடில் குறையும். மூட்டைகளை ஏற்றியபடியே வண்டிச் சோதனை நிலையத்துக்குப் போய், ரோலரில் நான்கு சக்கரத்தின் பிரேக்கையும் அளக்கச் சொல்லி, கம்பியை இன்னும் கொஞ்சம் சரிசெய்தோம். வால்வே இல்லாத புது வண்டி என்றால் இந்த வேலையைக் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்கிறது. பழைய வண்டி வைத்திருப்பவர்கள் தயவுசெய்து படுத்து, அடியில் பாருங்கள்.

இன்னொன்று. பட்டை போட்டால் வண்டி அதிகம் சுமக்கும் என்று பலர் நம்புகிறார்கள். வண்டி நிமிர்ந்து நிற்கும், அவ்வளவுதான். தகட்டில் போட்டிருக்கும் மொத்த எடை அப்படியேதான் இருக்கிறது. அச்சு, பேரிங், டயர், பிரேக் எதுவும் மாறவில்லையே. ஒரு டன் பக்கி என்றால் 10 கிலோ உருளைக்கிழங்குப் பை நூறு ஏற்றலாம் என்பது தப்புக் கணக்கு. ஓட்டுகிறவர், பக்கத்தில் உட்காருகிறவர், கனோப்பி, டிரெய்லர் இழுக்கும் டோபார் எல்லாம் அந்த ஒரு டன்னுக்குள்தான்.

பீனிக்ஸிலிருந்து

சாட்ஸ்வொர்த் அண்ணா எழுதியதைப் படித்ததும் நானும் எழுத வேண்டும் என்று தோன்றியது. எனக்கு எலெக்ட்ரீஷியன் வேலை. 2022, 2023இல் லோட் ஷெடிங் (முறை வைத்து மின்சாரத்தை நிறுத்துவது) ஆறாம் கட்டம் வரை போனபோது, எங்கள் பக்கத்தில் நிறைய பேர் பக்கியில் இரண்டாவது பேட்டரி வைத்தார்கள். கோயில் விசேஷத்துக்கு மைக், லைட் எல்லாம் அதிலிருந்துதான். நல்ல ஏற்பாடு, நானே பலருக்குச் செய்து கொடுத்திருக்கிறேன்.

தைப்பூசக் காவடிக்கு முந்தின நாள் மாலை. பிரசாத அண்டாக்களை இறக்கிக்கொண்டிருந்தோம். எங்களுக்குத் தெரிந்த ஒரு தம்பியின் வண்டியில், டாஷ்போர்டுக்குக் கீழிருந்து புகை வந்தது. ஓடிப்போய் முன் பேட்டரியின் டெர்மினலைக் கழற்றியதும் நின்றது. அவனே யூடியூப் பார்த்து வயர் இழுத்திருந்தான். ஃபியூஸும் போட்டிருந்தான், ஆனால் அதைப் பின்னால், லைட்டுக்குப் பக்கத்தில் போட்டிருந்தான். எஞ்சின் அறையிலிருந்து உள்ளே வரும் தகட்டுத் துளையில் ரப்பர் வளையம் இல்லை. மண் ரோட்டில் ஆடி ஆடி, தகட்டு விளிம்பு வயரின் மேல்தோலை அறுத்துவிட்டது. வயர் பாடியைத் தொட்டது. ஃபியூஸ் அந்த இடத்தைத் தாண்டி அப்பால் இருக்கிறது, அது எப்படி எரியும்? வயர்தான் எரிந்தது.

ஃபியூஸ் இருப்பது லைட்டைக் காப்பாற்ற அல்ல, வயரைக் காப்பாற்ற. அதனால் பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள்ளேயே அது இருக்க வேண்டும். இரண்டு பேட்டரி என்றால் வயரின் இரண்டு முனையிலும் ஃபியூஸ் வேண்டும், ஏனென்றால் மின்சாரம் இரண்டு பக்கத்திலிருந்தும் வரும்.

வயர் கனத்தையும் சொல்லிவிடுகிறேன். முன் பேட்டரியிலிருந்து பின்னால் வரை 5 மீட்டர், திரும்பி வர 5 மீட்டர். 25 ஆம்பியர் ஓடினால், 6 சதுர மில்லிமீட்டர் வயரில் 0.7 வோல்ட் வழியிலேயே போய்விடும். 16 சதுர மில்லிமீட்டர் போட்டால் இழப்பு 0.3 வோல்ட்டுக்குள் நிற்கும். பேட்டரி முழுதாக ஏறவில்லை என்று என்னிடம் வருகிறவர்களில் பலருக்குக் கோளாறு பேட்டரியில் இல்லை, மெல்லிய வயரில்தான். பழைய வண்டிக்கு, எஞ்சின் ஓடும்போது மட்டும் இரண்டு பேட்டரியையும் இணைக்கும் சாதாரண ரிலே போதும். புது டீசல் வண்டிகளில் ஆல்டர்நேட்டரின் வோல்ட்டேஜைக் கம்ப்யூட்டர் ஏற்றி இறக்குவதால், அதைப் பேட்டரிக்குத் தேவையான அளவுக்கு மாற்றிக் கொடுக்கும் டிசி-டிசி சார்ஜர் இல்லாமல் இரண்டாவது பேட்டரி ஒழுங்காக ஏறாது. லித்தியம் பேட்டரிக்கு அதற்கென்று இருக்கும் சார்ஜர்தான் வேண்டும். அமிலம் ஊற்றும் பேட்டரியை மூடிய கனோப்பிக்குள் வைக்காதீர்கள், சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வாயு வரும்.

இன்வெர்ட்டரில் எவ்வளவு ஓட்டலாம் என்று கேட்பவர்களுக்கு: 1000 வாட் என்றால் 12 வோல்ட்டில் ஏறக்குறைய 90 ஆம்பியர் இழுக்கும். மைக்கும் எல்இடி விளக்கும் தாராளமாக ஓடும். டீத் தண்ணீர் கொதிக்கவைக்கும் அர்னைச் செருகினால் பேட்டரி கொஞ்ச நேரத்தில் படுத்துவிடும்.

ஐசிப்பிங்கோவிலிருந்து

நான் மீன்பிடிக்கிற ஆள், அதனால் என் பிரச்சினை எல்லாம் உப்புதான். 2001 கடைசியில் சட்டம் வந்ததிலிருந்து கடற்கரை மணலில் வண்டி ஓட்ட முடியாது, படகு இறக்க அனுமதித்த இடங்களைத் தவிர. ஆனால் துரு பிடிக்க மணலில் ஓட்ட வேண்டிய அவசியமே இல்லை. ஜூன் ஜூலையில் சார்டின் மீன் கூட்டம் வரும்போது, ஈர வலையும் ஐஸ் பெட்டியும் பின்னால் கிடந்தாலே போதும்.

பின்பக்கம் அடிபடாமல் இருக்கப் பிளாஸ்டிக் லைனர் வாங்கிப் போடுகிறார்கள். எனக்கு அது பிடிக்காது. அதற்கும் தகட்டுக்கும் நடுவே மணலும் உப்புத் தண்ணீரும் போய் உட்கார்ந்துகொள்ளும். ஓடும் ஓட்டத்தில் அந்த மணல் பெயின்ட்டைத் தேய்க்கும். என் அண்ணன் தன் வண்டியை விற்கப்போகும்போது லைனரைத் தூக்கினார். அடியில் தகடு அப்பளமாக நொறுங்கியது. வாங்க வந்தவர் ஒன்றும் பேசாமல் போய்விட்டார். ஸ்பிரே ரப்பர் பூச்சு தகட்டோடு ஒட்டிக்கொள்வதால் அதுவே மேல். ஆனால் பூசுகிறவர்கள் தண்ணீர் வடியும் துளைகளையும் சேர்த்து அடைத்துவிடுவார்கள், பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்ளுங்கள். கனோப்பிக்கோ ரேக்குக்கோ துளை போட்டால், போல்ட் மாட்டும் முன் அந்த வெட்டு விளிம்பில் பிரைமர் தடவுங்கள். துரு அங்கேதான் தொடங்குகிறது.

தூண்டில் தாங்கியை நானே பிவிசி குழாயில் செய்தேன். அக்டோபர், நவம்பரில் ஷாட் மீன் பிடிக்கத் தடை என்பதால் அந்த இரண்டு மாதமும் கழற்றி வைத்துவிடுவேன். அப்போதுதான் பம்பர் பிடிகளைத் தேய்த்து மறுபடி பெயின்ட் அடிக்கிறேன்.

பீட்டர்மாரிட்ஸ்பர்கிலிருந்து

பெரிய டயர் போட்டவர்களுக்கு ஒரு தகவல். 265/65 ஆர்17க்குப் பதில் 265/70 ஆர்17 போட்டால் சக்கரத்தின் விட்டம் 776 மில்லிமீட்டரிலிருந்து 803 ஆகிறது. மீட்டர் சரியாகக் காட்டுகிற வண்டி என்றால், அதில் 120 காட்டும்போது உண்மையில் 124 போகிறீர்கள். என்3 நெடுஞ்சாலையில் வேகம் பிடிக்கும் கேமராவுக்கு அது போதும். என் மாமா மகன் டயரையும் உயரத்தையும் மாற்றிவிட்டு இன்ஷூரன்ஸில் சொல்லாமல் இருந்தான். விபத்துக்குப் பிறகு அவன் கோரிக்கையை மாதக்கணக்கில் இழுத்தடித்தார்கள். மாற்றம் செய்த அன்றே மின்னஞ்சலில் படத்தோடு எழுதிவிடுங்கள், பதிலையும் பத்திரமாக வையுங்கள்.

கோயிலுக்குப் போகப் பின்னால் பெஞ்சு போடுகிறவர்களும் கவனிக்க வேண்டும். காசு வாங்கிக்கொண்டு சரக்குப் பகுதியில் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றுவதற்கு 2017 மே மாதத்திலிருந்து தடை. காசு வாங்காவிட்டாலும், உட்காரும் இடத்துக்கு மேல் 350 மில்லிமீட்டர், நிற்கிறவர்களுக்கு 900 மில்லிமீட்டர் உயரத்துக்குச் சுற்றிலும் அடைப்பு இருக்க வேண்டும். அடைப்பு இருந்தாலும் பெல்ட் இல்லை. எங்கள் வீட்டில் பிள்ளைகளைப் பின்னால் ஏற்றுவதை அடியோடு நிறுத்திவிட்டோம். ஆயா கோபித்துக்கொண்டார், பரவாயில்லை.

சாட்ஸ்வொர்த் அண்ணாவிடம் ஒரு கேள்வி: பட்டை மாற்றும்போது, ஸ்பிரிங் கட்டை அச்சோடு பிடித்து வைக்கும் பழைய யூ போல்ட்டையே திரும்பப் போடலாமா?

சாட்ஸ்வொர்த்திலிருந்து

போடக் கூடாது தம்பி. யூ போல்ட் ஒரு தடவை இறுக்கினாலே இழுபட்டுவிடும், திரும்ப இறுக்கினால் பழைய பிடி கிடைக்காது. பட்டை கூடினால் கட்டின் கனமும் கூடும், பழையது நீளமும் போதாது. புதிதாக வாங்கு. பட்டைகளைச் சேர்த்துப் பிடிக்கும் நடுப் போல்ட்டைக் கழற்றுவதற்கு முன் கட்டின் இரண்டு பக்கமும் ஜி கிளாம்ப் போட்டுப் பிடித்துக்கொள், இல்லாவிட்டால் பட்டைகள் தெறிக்கும். சேஸிக்கு அடியில் ஸ்டாண்டு வை, ஜாக்கியை மட்டும் நம்பிப் படுக்காதே. குறுக்குக்குறுக்காக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கு. சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் லோடோடு ஒரு முறை திரும்ப இறுக்க வேண்டும். எவ்வளவு இறுக்க வேண்டும் (டார்க்) என்பது உன் மாடலின் ஒர்க்ஷாப் புத்தகத்தில் இருக்கும், என்ன வருஷ மாடல் என்று எழுது, தேடிப் பார்த்துச் சொல்கிறேன்.