சிகரெட்டை விட்டாயிற்று, கொள்முதல் நிலைய ராத்திரிகளை எப்படித் தாண்டுவது?

வெண்ணாற்றங்கரை எழுதியது:

வணக்கம். நீடாமங்கலம் பக்கம், விவசாயம். கல்லூரி நாளில் தொற்றிக்கொண்ட சிகரெட்டைச் சித்திரையில், வயலில் வேலை இல்லாத நேரமாகப் பார்த்து நிறுத்தினேன். ஆரம்பத்தில் தூக்கம் வராதது, சின்ன விஷயத்துக்கும் எரிந்து விழுவது, வயிறு கட்டிக்கொள்வது எல்லாம் இருந்தன, தாண்டி வந்துவிட்டேன். அப்போது வீட்டில் எல்லோரும் கூடவே நின்றார்கள், எனக்குள்ளும் ஒரு வேகம் இருந்தது. இப்போது அது இல்லை. காலை இருமல் போய்விட்டது, நாற்றம் இல்லாததால் மகள் மடியில் வந்து உட்காருகிறாள், முதலில் இதெல்லாம் பெரிய விஷயமாக இருந்தது, இப்போது பழகிவிட்டது. விட்டவனுக்கு இனி என்ன கவலை என்று யாரும் கேட்பதும் இல்லை.

குறுவை அறுப்பு நெருங்குகிறது. புரட்டாசி மழையும் சேர்ந்துகொள்ளும். நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் கொட்டிவிட்டு நம் முறை வரும் வரை காவல் கிடக்க வேண்டும், ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இறங்கும்வரை பகலில் கிளறிக் காயப்போட வேண்டும், மேகம் திரண்டால் ஓடிப்போய்ப் படுதாவை இழுத்து மூட வேண்டும். ராத்திரியில் குவியலோரம் நாலைந்து பேர் உட்கார்ந்து பேசும்போது ஆளுக்கொன்று பற்றவைப்பார்கள், நமக்கும் ஒன்று நீளும். போன தாளடியில் அந்த ராத்திரிகளில் ஒரு பாக்கெட் எனக்குப் போதவில்லை. போகாமல் இருக்கவும் முடியாது, விளைச்சல் மொத்தமும் அங்கே கிடக்கிறது.

விட்டுச் சில மாதம் ஆனவர்களைத்தான் கேட்கிறேன். அந்த வேகம் தீர்ந்த பிறகு உங்களைத் தாங்கியது எது? ‘ஒன்றே ஒன்று இழுத்தால் என்ன ஆகிவிடும்’ என்று மனசு கேட்கும்போது என்ன பதில் சொன்னீர்கள்? பெரியப்பா வெற்றிலை சீவலுக்கு மாறிக்கொள் என்கிறார், அது சரிவருமா? புற்றுநோய்ப் படத்தைக் காட்டிப் பயமுறுத்த வேண்டாம், பாக்கெட்டில் முக்கால்வாசிக்கு மேல் அதுதான் இருக்கிறது, பார்த்துக்கொண்டேதான் பிடித்தேன்.

கொரடாச்சேரி பெரியவர் எழுதியது:

தம்பி, நான் பீடி. இருபது வயதில் பிடித்தது, பேரன் பிறந்த பிறகுதான் விட்டேன். அந்த வேகத்தை நம்பி இருக்காதீர்கள், அது யாருக்கும் நிற்காது. எனக்கும் போனது. அது போன பிறகுதான் ஒன்று புரிந்தது: எனக்கு ஆசை எல்லா இடத்திலும் வருவதில்லை. வீட்டில் வராது, கோயிலில் வராது, பேருந்தில் மூன்று மணி நேரம் போனாலும் வராது. முறை வைத்துத் தண்ணீர் விடும் ராத்திரியில் மதகுக் கட்டையில் போய் உட்கார்ந்தால் உடனே வரும். டீக்கடை பெஞ்சில் ஒரு குறிப்பிட்ட மூலையில் வரும். அதனால் மனசோடு மல்லுக்கட்டுவதை விட்டுவிட்டு, அந்த இடங்களில் என்ன செய்வது என்பதை மட்டும் முன்கூட்டியே முடிவு செய்துகொண்டேன்.

உங்களுக்குச் சொல்வது இதுதான். அறுப்புக்கு முன்னாடியே, பகலில், யார் யாரோடு காவல் கிடப்பீர்களோ அவர்களிடம் நேராகச் சொல்லிவிடுங்கள்: ‘நான் விட்டுவிட்டேன், எனக்கு நீட்டாதீர்கள், நானே கேட்டாலும் கொடுக்காதீர்கள்.’ ராத்திரி இரண்டு மணிக்கு, கண்ணெல்லாம் எரியும்போது சொல்ல வராது. நம் ஆட்கள் நல்லவர்கள், மரியாதைக்கு நீட்டுகிறார்கள், அவ்வளவுதான். ஒருமுறை சொன்னால் அவர்களே அடுத்தவன் நீட்டும்போது தடுப்பார்கள், என் விஷயத்தில் அப்படித்தான் நடந்தது. அப்புறம் தூக்கத்தை முறை போட்டுக்கொள்ளுங்கள். முழு ராத்திரியும் விழிப்பதுதான் கெடுதல், தூக்கம் கெட்டவனுக்குப் பிடிவாதம் நிற்காது. மடியில் பொட்டுக்கடலையோ அவித்த வேர்க்கடலையோ இருக்கட்டும், கைக்கும் வாய்க்கும் வேலை வேண்டும். அவர்கள் பற்றவைக்கும்போது எழுந்து குவியலை ஒரு சுற்று சுற்றி, படுதா நுனியில் கல் சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாருங்கள். திரும்பி வரும்போது அது முடிந்திருக்கும்.

மாத்திரை, சூயிங்கம் எல்லாம் தேவை இல்லை என்பது என் எண்ணம். மனசு இருந்தால் போதும்.

குடந்தை மருந்துக்கடை எழுதியது:

பெரியவர் சொன்னதில் கடைசி வரியைத் தவிர எல்லாவற்றையும் ஏற்கிறேன். மனசு இருந்தால் போதும் என்று சொல்லிச் சொல்லியே, முடியாமல் போனவர்கள் தங்களைக் கையாலாகாதவர்கள் என்று நினைத்துக்கொள்கிறார்கள், அடுத்த முறை முயற்சி செய்யவே வெட்கப்படுகிறார்கள். இழுத்த புகையின் நிகோடின் பத்து, இருபது விநாடிக்குள் மூளைக்குப் போய்விடுகிறது, அவ்வளவு வேகமாக வேலை செய்யும் பொருளுக்கு உடம்பு பழகிப்போவதில் மனசின் குற்றம் எதுவும் இல்லை. முதல் இரண்டு மூன்று நாள் உச்சமாக இருந்து, இரண்டிலிருந்து நாலு வாரத்தில் உடம்பின் தவிப்பு பெரும்பாலும் அடங்கிவிடும். அந்த வாரங்களில் நிகோடின் சூயிங்கமும், தோலில் ஒட்டும் பட்டையும், மருத்துவர் எழுதித் தரும் மாத்திரைகளும் நிஜமாகவே கைகொடுக்கின்றன. கடைக்கு வருகிறவர்களிடம் இதைச் சொல்லச் சொல்ல எனக்கு அலுப்பதே இல்லை.

உங்களுக்கு அந்தக் கட்டம் தாண்டிவிட்டது. இப்போது மிச்சம் இருப்பது பெரியவர் சொன்ன இடமும் ஆட்களும்தான். அந்த நேரத்து ஆசை பொதுவாக மூன்றிலிருந்து ஐந்து நிமிடத்தில் தணிந்துவிடும், நீங்கள் பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும். ‘ஒன்றே ஒன்று’ என்பதற்கு என் பதில்: விட்ட பிறகு ஒன்று பிடித்துப் பார்த்தவர்களில் பெரும்பாலோர் அதோடு நின்றதில்லை, ஓய்ந்துபோன பழக்கத்தை அந்த ஒன்று மறுபடி எழுப்பிவிடுகிறது. ‘அடுத்த ஐந்து நிமிடத்துக்கு இல்லை’ என்று மட்டும் சொல்லிக்கொள்ளுங்கள், ராத்திரி முழுவதற்கும் சபதம் செய்ய வேண்டாம்.

வெற்றிலை சீவல் விஷயத்தில் பெரியப்பாவைக் கேட்காதீர்கள். எங்கள் ஊர் கொழுந்து வெற்றிலைமேல் எனக்கும் பிரியம் உண்டு, ஆனால் பாக்கே புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-லேயே வகைப்படுத்திவிட்டது, புகையிலை சேர்க்காவிட்டாலும்தான். தவிர, சீவலில் ஆரம்பித்துப் புகையிலைக் காம்பில் போய் நின்றவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். பீடிக்கு மாறுவதும் அதே கதைதான், இலையில் சுற்றியது என்பதால் அது சாதுவாகிவிடாது.

இன்னொன்று யாரும் சொல்வதில்லை. புகை பிடிக்கிறவர் உடம்பு காபியில் உள்ள கஃபீனை வேகமாகக் கழித்துவிடும். விட்ட பிறகு அதே இரண்டு டம்ளர் காபி இரண்டு மடங்கு வேலை செய்யும்: படபடப்பு, தூக்கமின்மை. நிறையப் பேர் இதைச் சிகரெட் இல்லாத தவிப்பு என்று நினைத்து மறுபடி பற்றவைக்கிறார்கள். காவல் ராத்திரியில் டீ, காபியைப் பாதியாக்குங்கள், சுக்குக் காபி என்றால் தாராளமாகக் குடிக்கலாம், அதில் காபித்தூள் போடாமல் இருந்தால்.

பேச ஆள் வேண்டும் என்றால் 1800-11-2356, மத்திய அரசின் கட்டணமில்லாத எண், பாக்கெட்டிலேயே அச்சிட்டிருக்கிறார்கள். தமிழில் பேசலாம். ராத்திரியில் எடுக்க மாட்டார்கள், அதனால் காவலுக்குக் கிளம்பும் முன் பகலிலேயே ஒருமுறை பேசிவிடுங்கள்.

அரசலாறு எழுதியது:

நான் பிடித்ததில்லை, என் வீட்டுக்காரர் விட்டவர். ‘யாரும் கேட்பதில்லை’ என்று எழுதியிருக்கிறீர்கள் அண்ணா, அதைப் படித்துத்தான் எழுத வந்தேன். வீட்டில் இருக்கும் எங்களுக்கு அது தெரியாது. சட்டையில் நாற்றம் இல்லை என்றால் முடிந்துவிட்டது என்று நினைத்துக்கொள்கிறோம், உள்ளே இன்னும் இழுபறி நடக்கிறது என்று நீங்கள் சொன்னால்தான் புரியும். அண்ணியிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள், இந்த அறுப்பு முடியும்வரை தினமும் என்னைக் கேள் என்று.

அவர் விட்டு அரை வருஷம் போலத் தாண்டி, மாமனார் காரியத்தன்று பந்தலுக்குப் பின்னால் ஒன்று பிடித்துவிட்டார். வந்து அவரே சொன்னார். எனக்குக் கோபம் வந்தது உண்மை, ஆனால் திட்டவில்லை, திட்டியிருந்தால் அடுத்ததை மறைத்துப் பிடித்திருப்பார். ‘சரி, சட்டைப்பையில் மிச்சம் இருந்தால் கொடுங்கள்’ என்று வாங்கிக் கசக்கிப் போட்டேன். மறுநாளிலிருந்து பழையபடி இருந்தார், அதுவரை தாண்டிய மாதங்களை யாரும் கணக்கிலிருந்து கழிக்கவில்லை. ஒருவேளை உங்களுக்கு அப்படி ஆனாலும் ‘போச்சு, இனி என்ன’ என்று மொத்தப் பாக்கெட்டுக்குப் போய்விடாதீர்கள். அந்த ராத்திரியே வீட்டுக்கு ஒரு போன் போடுங்கள்.

பழகிவிட்டது என்கிறீர்களே, இன்னும் வர வேண்டிய நன்மையும் இருக்கிறது. ஒரு வருஷம் தாண்டினால், புகையால் கூடியிருந்த மாரடைப்பு ஆபத்து பாதியாகக் குறையும் என்று அவருடைய மருத்துவர் சொன்னார். அவருக்கு அது ஒரு பிடிப்பாக இருந்தது.

வெண்ணாற்றங்கரை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. காபி விஷயம் எனக்குப் புதிது, இப்போதும் ராத்திரி நெஞ்சு படபடப்பதற்கு அதுதான் காரணமோ என்று தோன்றுகிறது. காவல் கிடக்கப்போகும் மூன்று பேரிடமும் நாளைக்கே சொல்லிவிடுகிறேன், அவர்களில் ஒருவர் சொந்த மச்சான், அவரிடம் சொல்வதுதான் கஷ்டம். வீட்டிலும் சொல்கிறேன் தங்கச்சி.

மருந்துக்கடை அண்ணா, ஒரு சந்தேகம். ஒரு அவசரத்துக்கு நிகோடின் சூயிங்கம் பையில் வைத்துக்கொள்வது தப்பா? இத்தனை மாதமாக அது இல்லாமலே இருந்துவிட்டேன்.

குடந்தை மருந்துக்கடை எழுதியது:

படபடப்பு காபியைக் குறைத்தும் நிற்கவில்லை என்றால் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள், அதைத் தள்ளிப்போட வேண்டாம். சூயிங்கம் விஷயத்தையும் அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். முதலில் கடலையும் நடையும்தான். நிகோடினே இல்லாமல் இருக்கும் உடம்புக்கு வீணாக அதைக் காட்ட வேண்டாம். ஆனால் கை சிகரெட்டுக்கே போய்விடும் என்ற நிலை வந்தால் சூயிங்கம் எவ்வளவோ மேல், அதில் புகையும் தாரும் இல்லை. அவர் சரி என்றால் 2 மில்லிகிராம் போதும். சாதாரண சூயிங்கம் மாதிரி விடாமல் மென்றால் விக்கலும் நெஞ்செரிச்சலும் வரும். மெதுவாக மென்று, காரம் தெரிந்ததும் கன்னத்தோரம் ஒதுக்கிவிடுங்கள், காரம் குறைந்ததும் மறுபடி மெல்லுங்கள், அரை மணி நேரம் இப்படி. டீயோ காபியோ குடித்துப் பதினைந்து நிமிடம் கழித்துத்தான் போட வேண்டும், இல்லாவிட்டால் மருந்து சரியாக உறிஞ்சப்படாது. மச்சானிடம் முதலில் சொல்லுங்கள், மற்ற இருவரும் அதற்குப் பிறகு சுலபம்.